தூரம் பார்த்தாயிற்று, திகதி பார்த்தீர்களா?

போன கிழமை ஒரு தம்பி கைபேசியை நீட்டினான். "அண்ணை, திருகோணமலையில இருந்து லண்டன் 8,700 கிலோமீற்றர். பத்து மணித்தியாலம்தானாம்." சீனக்குடாவில் இருந்து ஹீத்ரோவுக்கு ஒரு கோடு கீறியிருந்தது. சீனக்குடா விமானப்படைத் தளம்; அங்கிருந்து லண்டனுக்கு விமானம் கிடையாது. கணக்குச் சரி, ஏறத்தான் வழியில்லை. அவனுடைய ரிக்கற் கொழும்புக்குக் கிட்ட உள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறி டோஹாவில் மாறுவது. 26ஆம் திகதி, 03.10. அங்கே போக வாடகை வானை 26 பின்னேரத்துக்குச் சொல்லி வைத்திருந்தான். எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. பயணக் கணக்கில் ஆட்கள் சறுக்கும் இடங்கள் இவை.

நள்ளிரவு தாண்டிய திகதி

என் முதல் பயணமும் இப்படித்தான். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து எடுத்த ரிக்கற், 14, 00.55 என்று தெளிவாகவே இருந்தது. 14 காலை கோணேஸ்வரத்தில் அர்ச்சனை, மத்தியானம் வீட்டில் சாப்பாடு, இரண்டு மணிக்குப் புறப்பாடு. ஹபரணைக்கு முன் யானை ஒன்று வீதியை மறித்து முக்கால் மணித்தியாலம் நின்றது. அப்படியும் இரவு பத்து மணிக்கு விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று மணித்தியாலம் முன்னதாக வந்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு. கவுண்டரில் இருந்த பிள்ளை கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "உங்கட பிளைட் நேற்று இரவே போயிட்டுது" என்றாள். 14, 00.55 என்றால் 13 இரவு நள்ளிரவு தாண்டி 55 நிமிடம்.

போகும் பயணத்தைத் தவறவிட்டால் அதே ரிக்கற்றில் இருக்கும் திரும்பும் பயணத்தையும் பெரும்பாலான நிறுவனங்கள் இரத்துச் செய்துவிடும். அதையும் அங்கேதான் அறிந்தேன்.

தம்பிக்குக் கணக்கைப் பின்னிருந்து போட்டுக் காட்டினேன். 26 விடிய 3.10க்கு விமானம். மூன்று மணித்தியாலம் முந்தி என்றால் 12.10. வீதி 260 கிலோமீற்றருக்குக் கிட்ட. ஆறு, ஏழு மணித்தியாலம். யானைக்கும் ஒரு மணித்தியாலம் விடு. ஆக, 25 பின்னேரம் நாலு மணிக்கு வான் வாசலில் நிற்க வேண்டும். ரிக்கற்றின் பின்பக்கம் "25 பின்னேரம் 4" என்று பேனையால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

நேரத்தை நேரத்தால் கழிப்பது

ரிக்கற்றில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கொழும்பில் பகல் 1.00க்கு ஏறி லண்டனில் இரவு 7.30க்கு இறங்கினால் பயணம் ஆறரை மணித்தியாலமல்ல. கோடையில் லண்டன் நாலரை மணித்தியாலம் பின்னால், ஆகவே பதினொன்று. குளிர்காலத்தில் அந்த இடைவெளி ஐந்தரை.

வரைபடத்தில் அடிமட்டம் வைப்பது

கொழும்பு, ரொறன்ரோ இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். சுவர் வரைபடத்தில் கோடு ஆபிரிக்காவுக்கு மேலாகப் போகும். உருண்டையில் நூலை இழுத்துப் பிடியுங்கள். ரஷ்யாவுக்கு மேலாக வடக்குப் பனிக்கடல் பக்கம் ஏறி இறங்கும்.

காற்று

மேற்கே போகும்போது எதிர்க்காற்று. திரும்பி வரும்போது நேரம் குறையும்.

கடல் மைல்

விமானத் தூரத்தைக் கடல் மைலில் சொன்னால், ஒன்று 1.852 கிலோமீற்றர். சாதாரண மைல் அல்ல.