மாளிகைக்குப் பின்னால் இருக்கும் கட்டடங்கள்: இங்கிலாந்து எஸ்டேட்டுகளின் களஞ்சியங்களையும் லாயங்களையும் பார்த்தறியும் முறை

இங்கிலாந்தின் கிராமப்புற எஸ்டேட் ஒன்றை, அதாவது மாளிகையும் அதைச் சேர்ந்த பண்ணை நிலங்களும் அடங்கிய பெருநில உடைமை ஒன்றை, பார்க்கச் செல்பவர்களில் பலர் மாளிகையிலேயே பொழுதைக் கழித்துவிட்டு, பண்ணைக் கட்டடங்களைத் தேநீர் அருந்தும் இடமாக மட்டும் கண்டு திரும்புகிறார்கள். மாளிகையைத் தாங்கிய உழைப்பு நடந்த இடங்கள் அவை என்பதால், அவற்றுக்குத் தனியாக ஒரு முழு நாளை ஒதுக்குவது தகும். கட்டடத்தின் பாணி என்ன என்ற கேள்வியோடு தொடங்க வேண்டாம். தானியமும் வைக்கோலும் விலங்கும் எருவும் எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியேறின என்று கேட்டுக்கொண்டே நடந்தால், கதவின் உயரமும் தரையின் சரிவும் சன்னலின் இடமும் தாமாகவே பொருள்படத் தொடங்கும்.

புறப்படுவதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். முதலாவதாக, இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் தேசியப் பட்டியலில் அந்த எஸ்டேட்டைத் தேடிப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அந்தப் பட்டியல், பல பண்ணைக் கட்டடங்களுக்குக் காலத்தையும் கட்டுமானப் பொருளையும் சுருக்கமாகத் தருகிறது. இரண்டாவதாக, பழைய நிலப்படங்களைப் பாருங்கள். தேவாலயத்துக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு செலுத்தும் வழக்கம் பற்றிய 1836-ஆம் ஆண்டின் தசமபாகச் சட்டத்தை ஒட்டி வரையப்பட்ட படங்களையும், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசின் நிலப்பட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிட்ட பெரிய அளவுப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தச் சிறகு இடிக்கப்பட்டது, எந்தக் கொட்டகை பின்னர் சேர்க்கப்பட்டது என்பது நேரில் போவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும்.

பண்ணைக்குள் நுழைந்ததும் முற்றத்தின் நடுவில் நின்று திசைகளைப் பாருங்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட பண்ணைகளில், கதிரை அடுக்கிவைத்து அடித்த உயரமான களஞ்சியம் பெரும்பாலும் வடக்கில் நின்று குளிர்காற்றைத் தடுக்கும். கால்நடைக் கொட்டில்கள் தெற்கு வெயிலை நோக்கித் திறந்திருக்கும். கதிரடித்தபின் மிஞ்சிய வைக்கோல் களஞ்சியத்திலிருந்து நேரே முற்றத்துக்கு வரும். குளிர்காலம் முழுவதும் மாடுகள் அதை மிதித்து எருவாக்கும். அந்த எரு வண்டியேறி வயலுக்குப் போகும். முற்றத்தின் அமைப்பு முழுவதும் இந்தச் சுழற்சிக்காகவே உருவானது என்பதால், இதைப் பிடித்துக்கொள்ளாமல் தனித்தனிக் கட்டடங்களைப் பார்ப்பதில் பயன் குறைவு.

களஞ்சியத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். நம் ஊர்க் களத்துமேட்டில் காற்றின் திசை பார்த்துத் தூற்றுவதைப் போலவே அங்கும் தூற்றினார்கள். மழையும் ஈரமும் மிகுந்த நாடு என்பதால் களத்தைக் கூரைக்குள் கொண்டுவந்தார்கள். அதனால்தான் நீண்ட இரு சுவர்களிலும் கதவுகள் நேருக்கு நேர் அமைந்திருக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள தரைதான் கதிரடிக்கும் களம். இரு கதவுகளையும் திறந்தால் குறுக்கே வீசும் காற்று பதரை அடித்துக்கொண்டு போகும். ஒரு பக்கக் கதவு மிக உயரமாகவும் மறுபக்கக் கதவு தாழ்வாகவும் இருந்தால், உயரமான கதவு வழியே கதிர் ஏற்றிய வண்டி வந்து, சுமையிறக்கியபின் தாழ்வான கதவு வழியே வெளியேறியது என்று கொள்ளலாம். கதவுநிலையின் அடியில் பலகை செருகும் காடி இருக்கிறதா என்று பாருங்கள். தானியம் வெளியே சிதறாமலும் பன்றியும் கோழியும் உள்ளே வராமலும் தடுத்த பலகையின் இடம் அது. சுவரில் ஒடுங்கிய செங்குத்துப் பிளவுகள் தெரிந்தால், அவை அடுக்கிவைத்த கதிருக்குக் காற்று கொடுப்பதற்காக விடப்பட்டவை. அம்பு எய்யும் துளைகள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த அமைப்பு எவ்வளவு பழமையானது என்பதை அறிய எசெக்ஸ் மாவட்டத்தின் கிரெஸ்ஸிங் டெம்பிளுக்குச் செல்லுங்கள். டெம்பிளர் வீரத்துறவிகள் 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய இரண்டு மரச்சட்டக் களஞ்சியங்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. அதே வேலை எஸ்டேட் காலத்தில் எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கு, கேம்பிரிட்ஜ்ஷயரின் விம்போலில் 1790-களில் ஜான் சோன் வடிவமைத்த பண்ணையையும், அதே பத்தாண்டில் நார்ஃபோக்கின் ஹோல்கமில் சாமுவேல் வயட் வடிவமைத்த பெரும் களஞ்சியத்தையும் ஒப்பிடுங்கள். விம்போலில் மரப்பலகைச் சுவரும் வேய்ந்த கூரையும் இருக்க, ஹோல்கமில் செங்கல் சுவர் அளவான ஒழுங்கோடு எழுகிறது. ஹோல்கமின் உரிமையாளர் தாமஸ் கோக் ஆண்டுதோறும் ஆட்டுமயிர் கத்தரிக்கும் விழா நடத்தி வேளாண்மை ஆர்வலர்களை வரவழைத்தவர். பலர் வந்து பார்க்கும் இடம் என்பதும் அந்தக் களஞ்சியத்தின் தோற்றத்தைத் தீர்மானித்தது என்பது என் கருத்து.

1786-இல் ஆண்ட்ரூ மெய்க்கிள் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கியபின் களஞ்சியங்கள் மாறத் தொடங்கின. களஞ்சியச் சுவரை ஒட்டி வட்டமாகவோ பலகோணமாகவோ ஒரு கூரைக்கட்டு நீட்டிக்கொண்டிருந்தால், குதிரைகள் வட்டமாக நடந்து அந்த இயந்திரத்தைச் சுழற்றிய இடம் அது. நார்தம்பர்லாந்து, டர்ஹாம் மாவட்டங்களில் இவை அதிகம். பண்ணையில் உயர்ந்த புகைபோக்கி இருந்தால் பின்னர் குதிரைக்குப் பதில் நீராவி இயந்திரம் வந்தது என்று கொள்ளலாம்.

மரச்சட்டங்களைக் கைவிளக்கின் ஒளி பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். மூட்டுகளுக்கு அருகே கீறப்பட்ட ரோம எண்கள், தச்சர்கள் சட்டங்களைத் தரையில் பொருத்திப் பார்த்துப் பிரித்து, மீண்டும் நிறுத்தியபோது பயன்படுத்திய அடையாளங்கள்; அவை வரிசை மாறாமல் ஓடினால் சட்டம் பெரும்பாலும் முதலில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வட்டமான வளைவுகளாக அமைந்த வாள்தடம் இருந்தால், அந்த மரம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் வட்டவாளால் அறுக்கப்பட்டது. கழுந்து, அதாவது துளையில் பொருந்தும் மரநுனி, இல்லாத வெறும் துளைகளைக் காட்டி, இது பழைய கப்பலின் மரம் என்று பல களஞ்சியங்களில் கதை சொல்வார்கள். இடிக்கப்பட்ட வேறொரு வீட்டிலிருந்தோ களஞ்சியத்திலிருந்தோ வந்த மரமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. சான்று கிடைக்கும் வரை கப்பலைக் குறிப்பில் எழுதாதீர்கள்.

அடித்த தானியத்தைச் சேமித்த அறை காளான் வடிவக் கற்கள்மேலோ, வண்டிக் கொட்டகையின் மேல்தளத்திலோ இருக்கும். எலியும் ஈரமும் எட்டாத இடம் என்பதே காரணம்.

இனி லாயங்கள். ஓர் எஸ்டேட்டில் லாயம் இரண்டு இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். உழவுக்குதிரைகளின் லாயம் பண்ணை முற்றத்தில் வண்டிக் கொட்டகைக்கு அருகில் எளிமையாக இருக்கும். சவாரிக்கும் சாரட்டுக்கும் உரிய குதிரைகளின் லாயம் மாளிகைக்கு அருகில், விருந்தினர் கண்ணில் படும்படி, மணிக்கூண்டோடு நிற்கும். டெர்பிஷயரின் சாட்ஸ்வொர்த்தில் டெவன்ஷயர் பிரபுவுக்காக ஜேம்ஸ் பெய்ன் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடிவமைத்த லாயம் இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு: நடுமுற்றத்தைச் சூழ்ந்த நான்கு சிறகுகளில் 80 குதிரைகளுக்கு இடம் இருந்தது. அதன் வாயிலைப் பார்த்து வியந்தபின், உள்ளே எஞ்சியிருப்பவற்றைத் தேடுங்கள். வடிகாலை நோக்கிச் சரியும் தரை, குளம்பு வழுக்காமலிருக்கக் கோடிட்ட செங்கல், மேல்மாடிப் பரணிலிருந்து உலர்புல்லைத் தள்ளிய திறப்பு, சேணம் ஈரம் பிடிக்காமல் காக்கக் கணப்பு வைத்த அறை ஆகியவை ஒரு நாளின் வேலையை அப்படியே காட்டும். குதிரையை வரிசையில் கட்டிவைத்த குறுகிய தடுப்புகளும், அது திரும்பிப் படுக்க இடமளித்த அகன்ற தனியறைகளும் ஒரே லாயத்தில் இருந்தால், அகன்ற அறைகள் 19-ஆம் நூற்றாண்டில் தடுப்புகளை அகற்றி அமைக்கப்பட்டனவா என்று தரையின் தடங்களைக் கொண்டு சோதியுங்கள்.

பார்த்தவற்றை அங்கேயே பதிவு செய்யுங்கள். அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, தரைத்திட்டத்தைக் கையால் வரைந்து, அடைக்கப்பட்ட கதவுகளையும், செங்கல் வரிசை பிணையாமல் நேர்க்கோடாக மோதும் சுவர் மூட்டுகளையும் அதில் குறியுங்கள். அந்த நேர்க்கோடு இரு வேறு காலத்துக் கட்டுமானம் சந்திக்கும் இடம். வௌவாலும் களஞ்சிய ஆந்தையும் 1981-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தால் காக்கப்படுபவை. அவை தங்கியிருப்பது தெரிந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். உரிமையாளரின் அனுமதியோடு, வரைபடத்தின் ஒரு பிரதியை அந்த மாவட்டத்தின் பழைய கட்டடங்களையும் தொல்லிடங்களையும் பற்றிய தகவல்களைச் சேர்த்துவைக்கும் வரலாற்றுச் சூழல் பதிவகத்துக்கு அனுப்புங்கள். எந்தச் சுவர்களைப் பார்க்க முடியவில்லை என்பதையும் அதில் எழுதிவிட்டால், அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்கலாம்.