ஆல்ஃபா சென்டாரி ரெண்டா தெரியலையா? டெலஸ்கோப்ப திட்டாதீங்க

ஜூன், ஜூலை வந்தா போதும், புதுசா டெலஸ்கோப் வாங்குன நம்ம பசங்க கேக்குறது ஒன்னுதான், "அண்ணே, ஆல்ஃபா சென்டாரி ஜோடின்னாங்க, எனக்கு ஒன்னுதான் தெரியுது, அதுவும் கொதிக்கிற மாதிரி ஆடுது, லென்ஸ் டூப்ளிகேட்டா?" லென்ஸ் மேல ஒரு தப்பும் இல்ல, வெறும் கண்ணுக்கு ஒன்னா தெரியுற ரெண்டு நட்சத்திரம் அது, 60 மில்லிமீட்டர் லென்ஸ் போட்ட சின்ன டெலஸ்கோப்லயே ரெண்டா பிரிஞ்சு தெரியும்.

மொதல்ல சரியான நட்சத்திரத்ததான் பாக்குறீங்களான்னு பாருங்க. தெக்கு பக்கம் பளிச்னு ரெண்டு இருக்கும், பாதி பேரு சதர்ன் கிராஸுக்கு (சிலுவை மாதிரி இருக்குற நட்சத்திரக் கூட்டம்) பக்கத்துல இருக்குறத புடிச்சிட்டு மல்லு கட்டுவாங்க, அது பீட்டா சென்டாரி, ஹடார்னும் சொல்வாங்க, சின்ன டெலஸ்கோப்புக்கு பிரியாது. கிராஸ விட்டு தள்ளி, இன்னும் பளிச்னு மஞ்சளா இருக்குறதுதான் நம்ம ஆளு.

பெரிய தப்பு நேரத்துலதான். பினாங்குல இது உச்சிக்கு ஏறுனாலே 24 டிகிரி உயரம்தான், கோலாலம்பூர்ல 26, அந்த உயரத்துல தலைக்கு மேல பாக்குறதவிட ரெண்டு மடங்குக்கு மேல காத்து குறுக்க நிக்குது, நட்சத்திரம் ஒரு பக்கம் நீலமாவும் இன்னொரு பக்கம் செவப்பாவும் தெரியுறதுகூட அந்த காத்து பண்ற வேலைதான், உடனே ரீஃபண்ட் கேட்டு கடைக்கு ஓடாதீங்க. ஜூன் கடைசில ராத்திரி ஒன்பதரை வாக்குல உச்சிக்கு வரும், ஜூலை 20 வாக்குல எட்டு மணிக்கே. எனக்கு புடிச்சது ஜூலைதான், வானம் முழுசா இருட்டுறதுக்குள்ள பாத்தா கண்ணு கூசாது, மஞ்சளா ஒன்னு, பக்கத்துல கொஞ்சம் மங்கலா ஆரஞ்சு கலர்ல இன்னொன்னு, சுத்தமா தெரியும்.

அடுத்தது எடம். ஃப்ளாட் காரிடார்ல நின்னு, கீழ்வீட்டு ஏர்கோன் கம்ப்ரசர் விடுற சூட்டுக்கு மேலால பாத்தா என்ன தெரியும்? பகல் பூரா வெயில் குடிச்ச கார் பார்க் சிமெண்ட்டும் அப்படித்தான். பினாங்குக்காரங்க தெலுக் கும்பார் பக்கம் போங்க, தெக்க கடல்தான். ஊரு வெளிச்சத்துக்கு பயப்பட வேணாம், இவ்ளோ பளிச்னு இருக்குற ஜோடிக்கு அது பெரிய தடையே இல்ல.

ஏர்கோன் ரூம்லேர்ந்து எடுத்து வந்த கையோட மூடிய கழட்டுனா லென்ஸ் மேல தண்ணி பூத்துரும், அத சட்டையால தொடச்சு கீறல் போட்டவங்க நெறைய பேரு. பேக்கோட அரை மணி நேரம் வெளிய வச்சிட்டு, ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வந்து தொறங்க.

பாக்ஸ்ல வர்ற பார்லோவ (இன்னும் பெருசாக்கி காட்டுற கூடுதல் லென்ஸ்) மாட்டி 300 மடங்கு போறது இன்னொரு கூத்து, ஆட்டம்தான் பெருசாகும். இப்ப ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 10 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரிய 3600ஆ பிரிச்சா ஒரு பங்கு) இருக்கு, 80, 100 மடங்கு தாராளம். 2016 வாக்குல வெறும் 4தான். ஒன்ன ஒன்னு சுத்தி வர 80 வருசம் ஆகுறதால எடைவெளி மாறிக்கிட்டே இருக்கும், பழைய புக்குல 20ன்னு போட்டிருந்தா அத நம்பி தேடாதீங்க. 1689ல இது ஜோடின்னு கண்டுபுடிச்ச ரிஷோ பாதிரியார் பாத்தது நம்ம பாண்டிச்சேரிலேர்ந்து, அதுவும் ஒரு வால் நட்சத்திரத்த பாக்கப்போய்!

இந்த ஜோடியோட சேர்ந்த மூணாவது நட்சத்திரம் ப்ராக்சிமாவயும் அதே ஐபீஸ்ல (கண்ணு வச்சு பாக்குற லென்ஸ்) தேடுறவங்க இருக்காங்க. அது ரெண்டு டிகிரிக்கு மேல தள்ளி இருக்கு, வெளிச்சமும் 11ம் மேக்னிட்யூட்தான் (இந்த நம்பர் ஏற ஏற நட்சத்திரம் மங்கல்), பெரிய டெலஸ்கோப்பும் நல்ல மேப்பும் இல்லாம அந்த பக்கம் போகாதீங்க.