உதவி இருக்கிறது, விவரம்தான் இல்லை: சமூக சேவைத் தகவலுக்குத் தரநிலை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் என்று பெங்களூரில் தமிழர் நிறைந்த ஏரியாக்களில் உதவி செய்பவர்களுக்குப் பஞ்சமில்லை. மாலை நேர டியூஷன், முதியோருக்கு பிசியோதெரபி, ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என எல்லாம் நடக்கிறது. எது, எங்கே, என்றைக்கு என்பதுதான் தேவைப்படுபவருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு அமைப்பிடமும் ஒரு எக்செல் ஷீட் இருக்கிறது. ஒன்று இன்னொன்றோடு ஒட்டாது. எல்லாவற்றையும் பொது வடிவத்துக்குக் கொண்டுவரலாம் என்று தன்னார்வலர்கள் உட்கார்ந்ததும், வெள்ளைத்தாளை எடுத்துப் புதிதாகக் கட்டம் போட ஆரம்பிப்பார்கள். அங்கேயே முதல் தவறு நடந்துவிடுகிறது.

இதற்கென்றே அமெரிக்காவில் 2014-இல் தொடங்கிய ஓப்பன் ரெஃபரல் என்ற முயற்சி, எச்.எஸ்.டி.எஸ். (Human Services Data Specification) என்ற தரநிலையை, அதாவது சேவை விவரங்களை எல்லோரும் ஒரே மாதிரி பதிவதற்கான வடிவத்தை, உருவாக்கிப் பொதுவில் வைத்திருக்கிறது. பிரிட்டனில் உள்ளாட்சி அமைப்புகள் பயன்படுத்தும் வடிவமும் இதையொட்டியதுதான். காசு கிடையாது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊருக்கு ஒத்துவராத பகுதிகள் அதில் நிறைய உண்டு. அவற்றை விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்தால் போதும்.

அதில் முக்கியமாகக் கற்க வேண்டியது ஒன்றே. அமைப்பு வேறு, அது தரும் சேவை வேறு, சேவை நடக்கும் இடம் வேறு. நம் ஷீட்டுகளில் இந்த மூன்றும் ஒரே வரியில் கிடக்கும். ஓர் அறக்கட்டளைக்கு காக்ஸ் டவுனில் அலுவலகம், அல்சூரில் திங்கள், புதன் பிசியோதெரபி, ஸ்ரீராமபுரத்தில் தினமும் டியூஷன் என்று வையுங்கள். ஷீட்டில் முகவரி என்ற கட்டத்தில் காக்ஸ் டவுன்தான் இருக்கும். மூட்டுவலியோடு ஒரு பாட்டி ஆட்டோ பிடித்து அங்கே போய் நிற்பார். அமைப்பின் பார்வையில் அந்த வரியில் தப்பே இல்லை, அது அவர்களுடைய முகவரிதான். உதவி தேடி வருபவரின் பார்வையில் மொத்தமும் தப்பு. எச்.எஸ்.டி.எஸ். இந்த மூன்றுக்கும் தனித்தனி அட்டவணை வைத்து, எந்தச் சேவை எந்த இடத்தில் நடக்கிறது என்பதை இணைக்க நான்காவதாக ஒன்றையும் வைக்கிறது. கூடுதல் வேலைதான், ஆனால் இதை மட்டும் சுருக்கவே கூடாது.

தொலைபேசி எண்ணையும் கொஞ்சம் கவனியுங்கள். 080 என்று தொடங்கும் லேண்ட்லைனை எக்செல் வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். அந்தக் கட்டத்தை எழுத்து வடிவமாக மாற்றி வையுங்கள். அதே கட்டத்துக்குள் மூன்று எண்களைத் திணித்து, பக்கத்தில் ‘மாலையில் மட்டும்’ என்று எழுதுவது இன்னும் மோசம்.

அப்புறம், யாருக்குக் கிடைக்கும் என்ற கேள்வி. ‘ஏழைகளுக்கு’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இலவச சட்ட உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் அது கிடைக்கும். ஷீட்டில் ‘ஏழைகளுக்கு’ என்று பார்த்த மாதச் சம்பளக்காரப் பெண், சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை அழைக்காமலே போய்விடுவார். அதனால் தகுதி, கொண்டுவர வேண்டிய ஆவணம், கட்டணம் மூன்றையும் பிரித்து எழுத வேண்டும். அங்கே எந்த மொழி பேசுவார்கள் என்பதும் சேர வேண்டும். கன்னடம் படிக்கத் தெரியாத நம் வீட்டுப் பெரியவர்களுக்கு, தமிழில் பேச ஒருவர் இருக்கிறார் என்பதே பாதித் தகவல்.

இடத்தைக் குறிக்க வார்டு எண்ணை நம்புவது பெங்களூருக்கே உரிய தவறு. 198 வார்டுகள் இருந்தன. 2022-இல் 243 என்றார்கள், 2023-இல் 225 ஆனது, 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது. வார்டை வைத்து அடுக்கியவர்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பின்கோடையும் வரைபடப் புள்ளியையும் பதிந்து வைத்தால், வார்டு எப்படி மாறினாலும் கணினியே கண்டுபிடித்துக்கொள்ளும். ஹலசூரு என்று தேடினாலும் அல்சூர் என்று தேடினாலும் கிடைக்கும்படி மாற்றுப் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

வகைப்பாட்டுச் சண்டையில் மாதக்கணக்கில் மூழ்க வேண்டாம். டியூஷன் கல்வியா, குழந்தை நலமா என்று வாதாடிக்கொண்டிருந்தால் ஒரு சேவைகூடப் பதிவாகாது. இரண்டிலும் போடலாம். எச்.எஸ்.டி.எஸ்.கூட இந்த வகைப்பாட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை.

யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம் என்ற திறந்த தரவு என்பதற்காக எல்லாவற்றையும் திறந்துவிடவும் கூடாது. வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்கள் தங்கும் இல்லத்தின் முகவரி பொதுப் பட்டியலில் வரவே கூடாது. 181 என்ற உதவி எண்ணைக் கொடுத்தால் போதும். களப்பணியாளரின் சொந்த மொபைல் எண்ணை அவரைக் கேட்காமல் போடுவதும் சரியில்லை. நாளை அவர் வேலையை விட்டாலும் அழைப்புகள் அவரை விடாது.

சரி, இதெல்லாம் முடிந்தது. ஆறு மாதம் கழித்து அந்த பிசியோதெரபி நடக்கிறதா என்று யார் கேட்பார்கள்? என் கணிப்பில் இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் செத்துப்போவது இந்த இடத்தில்தான். வடிவம் வகுக்கும் கூட்டத்திலேயே எந்தச் சேவைக்கு யார் போன் போட்டு உறுதி செய்வது என்று பெயர் போட்டு எழுதிவிடுங்கள். எச்.எஸ்.டி.எஸ்.-இல் கடைசியாக உறுதி செய்த தேதிக்கும், சேவை நடக்கிறதா, தற்காலிகமாக நின்றிருக்கிறதா, மூடியே விட்டதா என்ற நிலைக்கும் தனிக் கட்டங்கள் உண்டு. நின்றுபோன சேவையின் வரியை அழிக்காமல் ‘மூடப்பட்டது’ என்று குறித்து வையுங்கள். அழித்துவிட்டால், பழைய நோட்டீஸைப் பார்த்து யாராவது அதை மறுபடியும் சேர்த்துவிடுவார்கள்.