அலைனர் போடப் போறீங்களா? முதல்ல தேத்தண்ணியை எண்ணிப் பாருங்க

நான் ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி குடிக்கிற ஆள். விடிய எழும்பினதும் ஒன்று, பள்ளிக்கூட இடைவேளைக்கு ஒன்று, வீட்டுக்கு வந்து களை ஆற ஒன்று, பின்னேரம் ரியூசன் பிள்ளைகள் வர முதல் ஒன்று, இரவு சாப்பிட்டு முடித்துச் சும்மா ஒன்று. கொஞ்சக் காலத்துக்கு முதல் பல் சீராக்க அலைனர் என்கிற கழற்றிப் போடுகிற பிளாஸ்டிக் உறை போட்டேன். இப்போது யாராவது "ரீச்சர், அது எப்படி, நோகுமா, எவ்வளவு முடியும்?" என்று கேட்டால், "நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிப்பீங்க?" என்று திருப்பிக் கேட்கிறேன். பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

விசயம் இதுதான். அலைனரை நாளைக்கு 20 முதல் 22 மணித்தியாலம் வாயில் போட்டிருக்க வேண்டும். எனக்கு டொக்டர் 22 என்று சொல்லிவிட்டார். போட்டிருக்கும்போது பச்சைத் தண்ணியைத் தவிர வேறெதுவும் குடிக்கக் கூடாது. ஆக, சாப்பாடு, தேத்தண்ணி, பல் விளக்குவது எல்லாத்துக்கும் சேர்த்து மிஞ்சுவது 120 நிமிசம். காலைச் சாப்பாட்டுக்கு 25, மத்தியானம் 30, இரவு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு பல் விளக்க ஐந்து ஐந்து நிமிசம். நூறு போய்விட்டது. மிச்சம் இருபதுக்குள் ஐந்து தேத்தண்ணி எங்கே போவது? நான் இரண்டாகக் குறைத்தேன். அதிலும் ஒன்றைக் காலை இடியப்பத்தோடு சேர்த்துக் குடித்துவிடுவேன். முதல் இரண்டு கிழமையும் பல் நோவை விடத் தலையிடிதான் எனக்குப் பெரிய கரைச்சல்.

"உறையோடயே குடிச்சா என்ன?" என்று கேட்காத ஆளில்லை. மூன்று கேடு இருக்கிறது. சூட்டுக்கு பிளாஸ்டிக் நெளியும். சாயம் ஏறி மஞ்சளாகும். மூன்றாவதுதான் மோசம்: சீனித் தண்ணி பல்லுக்கும் உறைக்கும் நடுவில் தேங்கி நிற்கும், எச்சில் போய்க் கழுவ வழியில்லை. அப்படியே விட்டால் பல் நேராகி, சூத்தையும் விழுந்துவிடும். சோடா, கோடியல் எல்லாத்துக்கும் இதே கதைதான்.

இனி, அந்த 22 மணித்தியாலம் ஏன் என்பது. அலைனர் என்பது பல் வரிசைக்கு மேல் பொருந்தி உட்காருகிற கண்ணாடி மாதிரியான மெல்லிய பிளாஸ்டிக் உறை. மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. 1997இல் கலிஃபோர்னியாவில் தொடங்கின அலைன் டெக்னாலஜி என்ற கம்பெனி 'இன்விசலைன்' என்ற பேரில் கொண்டுவந்தது. இப்போது வேறு கம்பெனிகளும் செய்கின்றன. வாயை ஸ்கேன் எடுத்து, பல் இப்போது நிற்கிற இடத்திலிருந்து போய்ச் சேர வேண்டிய இடம் வரைக்கும் கம்பியூட்டரில் சின்னச் சின்னப் படியாகப் பிரிக்கிறார்கள். படிக்கு ஒரு சோடி. ஒரு சோடி பல்லை நகர்த்துவது கூடினால் கால் மில்லிமீற்றர். எனக்கு 24 சோடி, பத்து நாளைக்கு ஒருக்கால் மாற்றச் சொன்னார்கள். சிலருக்கு ஒரு கிழமை, சிலருக்கு இரண்டு கிழமை.

பல் எலும்பில் ஆணி மாதிரி அறைந்து நிற்பதில்லை. சுற்றிவர நார் போல ஒரு மெல்லிய தசைநார் பிடித்திருக்கிறது. உறை ஒரு பக்கம் தொடர்ந்து அமத்தினால் அந்தப் பக்கத்து எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பல் விலகி வந்த பக்கத்தில் புது எலும்பு வளரும். இது ஆறுதலாக நடக்கிற வேலை. உறையைக் கழற்றி வைத்தால் அமத்தமும் போய்விடும், பல்லும் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். பின்னேரம் முழுக்கக் கழற்றி வைத்துவிட்டு இரவு போட்டுப் பாருங்கள், இறுக்கம் சொல்லும். கணக்கு அதில்தான் பிழைக்கிறது. டொக்டர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் இந்த வேலையில் முக்கால்வாசி உங்கள் கையில்.

போட முதல் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூத்தை இருந்தால் அடைத்து, ஊத்தை எடுத்து, முரசில் வருத்தம் இருந்தால் அதை முதலில் பார்க்க வேண்டும். முரசு பழுதான வாயில் பல்லை நகர்த்தினால் பல்லே ஆடிப்போகும். எக்ஸ்ரே எடுக்காமல் ஒருவர் அலைனர் தருகிறேன் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். வயது தடை இல்லை, எனக்கு 38. ஆனால் எல்லா வாய்க்கும் இது சரிவராது. நன்றாகத் திரும்பி நிற்கிற வேட்டைப்பல், பெரிய தாடை வித்தியாசம் போன்றவற்றுக்குக் கம்பிதான் நல்லது என்று டொக்டரே சொல்வார். எனக்குக் கீழ் முன்பல் நான்கும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன, மேலே ஒரு தெத்துப்பல். "தெத்துப்பல் அதிஷ்டமடி, எடுக்காத" என்று பெரியம்மா இப்போதும் மனவருத்தப்படுகிறா. அதிஷ்டத்தோடு சேர்ந்து மாசித் துண்டும் அதுக்குள்தான் சிக்கும் என்பது அவவுக்குத் தெரியாது.

காசைப் பற்றி ஒரே ஒரு சொல்: சொல்கிற தொகைக்குள் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்கேன், இடையில் தொலைந்தால் புது உறை, முடிவில் திருத்தச் சோடிகள், நேராகின பல் திரும்ப நகராமல் கடைசியில் போடுகிற ரிடெய்னர். இந்த நான்கையும் வெளியே வைத்துவிட்டு முதல் தொகையைக் குறைத்துக் காட்டுவது நடக்கிற விசயம். தபாலில் உறை அனுப்புகிறோம், டொக்டரிடம் போகத் தேவையில்லை என்கிற விளம்பரங்களை நம்பவேண்டாம். அமெரிக்காவில் அப்படி நடத்தின ஸ்மைல் டிரெக்ட் கிளப் 2023 டிசெம்பரில் இழுத்து மூடினது. அரைவாசியில் நின்றவர்களின் வாய் அப்படியே நின்றது.

நான் பல் சீராக்கல் நிபுணர் ஒருவரைத் தேடிக் கொழும்புக்குப் போனேன். திருகோணமலையிலிருந்து 260 கிலோமீற்றர் அளவில், இரவு பஸ். கம்பி போட்டிருந்தால் மாதா மாதம் இந்த ஓட்டம் ஓட வேண்டும். அலைனரில் ஐந்தாறு சோடியை ஒரேயடியாகத் தந்துவிடுவதால் இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் போனால் போதும். நடுவில் வட்ஸ்அப்பில் பல்லைப் படம் பிடித்து அனுப்புவேன். எங்கள் மாதிரித் தூரத்து ஊர்க்காரருக்கு அலைனரின் உண்மையான லாபம் இதுதான் என்பேன். பஸ்ஸைத் தம்புள்ளையில் சாப்பாட்டுக்கு நிற்பாட்டும்போது எல்லாரும் கொத்து ரொட்டி தின்ன, நான் தண்ணிப் போத்தலோடு ஒரு ஓரத்தில் நின்று பல் விளக்கியது வேறு கதை.

முதல் நாள் உறையை மட்டும் தந்து அனுப்புவார்கள் என்று நினைத்துப் போனேன். பல்லின் முன்பக்கத்தில் பல் நிறத்திலேயே சின்னச் சின்னப் பொட்டுகள் ஒட்டினார்கள். அட்டாச்மென்ட் என்கிறார்கள். உறைக்குப் பிடிமானம் அதுதான், வழுவழுப்பான பல்லை அது இல்லாமல் பிடித்துத் திருப்ப முடியாது. எனக்குப் பதினொன்று. கிட்ட நின்று பார்த்தால் தெரியும், 'கண்ணுக்கே தெரியாது' என்ற விளம்பரத்தை அப்படியே எடுக்காதீர்கள். பிறகு நெருங்கி நின்ற பல்லுகளுக்கு நடுவில் மெல்லிய பட்டியால் அராவினார்கள். இடம் எடுக்கத்தான். மயிரிழை அளவுதான் போகும், எனாமலில் நரம்பு இல்லாதபடியால் நோகாது. ஆனால் மண்டைக்குள் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் நான் கதிரையின் கைப்பிடியை அவ்வளவு இறுக்கியிருக்க மாட்டேன்.

நோ? இருக்கும். ஒவ்வொரு புதுச் சோடிக்கும் முதல் இரண்டு மூன்று நாள் அமத்தமும் பல் கூச்சமும். எனவே புதுசை இரவு படுக்கும்போது போடுங்கள், முதல் எட்டு மணித்தியாலம் தூக்கத்தில் போய்விடும். தேவைப்பட்டால் ஒரு பனடோல். முதல் கிழமை பிட்டு, சொதி, குழைத்த சோறு. நான்காம் ஐந்தாம் சோடிக்குப் பிறகு பெரிதாகத் தெரியவே இல்லை. ஓரம் நாக்கில் கீறினால் நகம் அராவுகிற அரத்தால் மெதுவாகத் தேய்க்கலாம். வாய் புண்ணாகினால் உப்புத் தண்ணி.

பேச்சு மாறுமா என்பதற்கு நான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லலாம், படிப்பிப்பது தமிழ் என்பதால். உறை போட்டு அடுத்த நாள் 8ஆம் ஆண்டு வகுப்பு. ழகரம் போய்விடுமோ என்றுதான் இரவு முழுக்கப் பயம். போய்ப் பார்த்தால் ழ சிங்கம் மாதிரி நிற்கிறது. அதற்கு நாக்கு பின்னுக்கு வளைந்து அண்ணத்தை வருடும், பல் பக்கமே போகாது. ட, ண, ளவும் தப்பின. அடி விழுந்தது தவுக்கும் நவுக்கும். நாக்கு நுனி மேல்பல்லின் உட்பக்கத்தைத் தொட்டால்தான் அவை பிறக்கும், அங்கே இப்போது பிளாஸ்டிக். சகரம் சீறியது. "தந்தை சந்தையில் சீனி வாங்கினார்" என்று பலகையில் எழுதி வாசித்தேன். பின் வாங்கில் ஒரு சிரிப்பு. திரும்ப வாசித்தேன். "ரீச்சர், வாயில கல்கண்டா?" வாயைத் திறந்து காட்டினேன், ஐந்து நிமிசம் பாடம் நின்றது. வீட்டில் பேப்பரை எடுத்து அரை மணித்தியாலம் சத்தமாக வாசித்தேன், நான்கு நாளில் த திரும்பி வந்துவிட்டது. படிப்பிக்கிறவர்கள், அறிவிப்பாளர்கள் தவணை விடுமுறையில் தொடங்குவது புத்தி.

கழற்றுகிற விதத்தையும் கேட்டுப் பழகுங்கள். முன்பல்லில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் நகம்தான் போகும். பின்கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்தில் விரலைக் கொடுத்து ஒரு பக்கம் கிளப்பி, மற்றப் பக்கம் கிளப்பி, கடைசியாக முன்பக்கம். போடுவது அதற்கு நேர்மாறு, முதலில் முன்பல். பல்லால் கடித்து உட்காரவைக்கக் கூடாது. 'சூவீஸ்' என்று மெத்தென்ற சின்ன உருளை தருவார்கள், அதைக் கடிக்க வேண்டும்.

உறை ஒன்றில் வாயில் இருக்க வேண்டும், கழற்றினால் பெட்டிக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது. நான் இதைப் படித்த விதம்: ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு இறங்கி, டவுனில் ஒரு கடையில் மத்தியானச் சாப்பாடு. பெட்டி வீட்டில். கை துடைக்கக் கடையில் வெட்டி வைத்திருக்கிற பேப்பர் துண்டில் கீழ் உறையைச் சுற்றிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். கை கழுவிவிட்டு வர மேசை துடைத்துப் பளபளவென்று இருந்தது. பெடியனில் பிழையில்லை. கடைக்குப் பின்னால் குப்பை வாளி, அதில் தலையைப் போட்டபடி ஒரு மான், கோயில் இருக்கிற கோட்டைக்குள்ளிருந்து டவுனுக்கு வந்து அலைகிற மான்களில் ஒன்று. நம் ஊர் மானுக்கு பேப்பர் என்றால் பாயாசம் மாதிரி. நானும் மானும் அந்த வாளியைப் பங்கு போட்டுத் தேடினதை இரண்டு பேர் வீடியோ எடுத்ததுதான் மிச்சம்.

அது 11ஆவது சோடி, ஏழு நாள் போட்டு முடிந்திருந்தது. டொக்டருக்கு எடுத்துச் சொன்னேன். ஏழு நாள் போதும், 12ஐப் போட்டுப் படம் அனுப்புங்கள் என்றார். இரண்டாம் நாளில் தொலைத்திருந்தால் பத்தாவதுக்குத் திரும்பிப் போக வேண்டுமாம். அதனால் முடிந்த சோடியை எறியாதீர்கள், குறைந்தது கடைசியாகக் கழற்றியதையாவது வைத்திருங்கள். பெட்டி இரண்டு வாங்குங்கள், ஒன்று கைப்பையில். ஸ்கூட்டி சீற்றுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், நம் ஊர் மத்தியான வெயிலில் அது அடுப்பு.

கழுவுவதற்குச் சாதாரணத் தண்ணியும் மெத்தென்ற பிறஷும் போதும். பற்பசை பிளாஸ்டிக்கைக் கீறும், கீறலில் ஊத்தை பிடித்து மணக்கும். சுடுதண்ணி வேண்டவே வேண்டாம்.

விருந்தாளி வீடுகள்தான் பெரிய சோதனை. போனதும் தட்டில் பலகாரமும் தேத்தண்ணியும் வந்துவிடும். "வேண்டாம் மாமி, பல்லுக்கு" என்றால் "என்ன, எங்கட வீட்டுத் தேத்தண்ணி பிடிக்கேல்லையோ?" அதற்கு ஒரு வழி கண்டேன்: உள்ளே போகும்போதே "மாமி, தண்ணி ஒரு செம்பு தாங்கோ, விடாய்க்குது" என்று நாமே கேட்டுவிடுவது. கேட்டு வாங்கிக் குடித்த ஆளைப் பிறகு அவ்வளவாக வற்புறுத்துவதில்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் எனக்குச் சொர்க்கம், விரதத்தில் 23 மணித்தியாலம் கூடப் போட்டிருந்தேன். கிண்ணியாவிலிருந்து வருகிற என் சக ஆசிரியையும் அலைனர்தான். நோன்பு மாசம்தான் தனக்கு லேசாகப் போனது என்றா.

ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் ஒன்றைப் பாருங்கள்: பல்லின் நுனிக்கும் உறைக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா? முன்பல்லுக்குப் பக்கத்துச் சின்னப் பல்தான் பெரும்பாலும் பின்தங்கும். எனக்கு 17ஆவதில் அப்படி வந்தது. அடுத்ததுக்குத் தாவாமல், சூவீஸ் கடித்து, இன்னும் ஐந்து நாள் அதிலேயே நின்றேன். 24 முடிந்தும் அந்தப் பல் முழுதாக வரவில்லை. திரும்ப ஸ்கேன் எடுத்து ஒன்பது சோடி கூடுதலாகத் தந்தார்கள். இது தோல்வி என்று நினைத்து அழுதேன். கனபேருக்கு இப்படித்தான் என்று பிறகுதான் விளங்கியது. எட்டு மாதம் என்றது பதினொன்றரை மாதம் ஆனது. உங்களுக்குச் சொல்கிற காலத்தோடும் சில மாதத்தைக் கூட்டியே மனதில் வையுங்கள்.

முடிந்ததும் பொட்டுகளை அராவி எடுத்துவிட்டு ரிடெய்னர் தருவார்கள். முதல் சில மாதம் முழு நாளும், பிறகு இரவில். எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன். "பல் நேராக இருக்க வேண்டிய காலத்துக்கு" என்றார் டொக்டர். தை மாதம் கலியாண வீடு ஒன்றுக்குப் போன இடத்தில் நான்கு இரவு போடாமல் விட்டேன். ஐந்தாம் இரவு போட, கீழ் முன்பல் நான்கும் முதல் சோடி போட்ட நாள் மாதிரி வலித்தன. இப்போது பெட்டி தலையணைக்குப் பக்கத்தில். பகலில் வாய் என் வாய்தான், தேத்தண்ணி திரும்பவும் நான்குக்கு வந்திருக்கிறது.