அமெரிக்காவில் மாநிலம் மாறும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணவருக்கோ மனைவிக்கோ வேறு மாநிலத்தில் வேலை கிடைக்கிறது. நியூ ஜெர்சியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் டெக்சாஸுக்குக் குடிபோக வேண்டும். "லைசென்ஸ்தான் இருக்கிறதே, போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று கிளம்பிவிடுவதுதான் முதல் தவறு. அங்கே ஆசிரியர் லைசென்ஸ் கொடுப்பது மாநில அரசு. பழைய லைசென்ஸ் உங்கள் தகுதிக்கு ஒரு ஆதாரம், அவ்வளவுதான். புது மாநிலத்தில் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு மாநிலத்தின் ஆசிரியர் லைசென்ஸை மற்றொரு மாநிலம் ஏற்பதற்கான 'நாஸ்டெக்' ஒப்பந்தம் இருக்கிறதே என்பார்கள். அதில் கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களும் உண்டு. ஆனால் யாருடைய லைசென்ஸை, எந்த நிபந்தனையோடு ஏற்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவு செய்கிறது. 2023-இல் நடைமுறைக்கு வந்த, மாநிலங்களுக்கு இடையிலான ஆசிரியர் இடமாற்ற உடன்படிக்கை இதைவிட உண்மையிலேயே நல்ல வழி. கொலராடோ, யூட்டா, ஃப்ளோரிடா போன்றவை அதில் இருக்கின்றன. ஆனால் நீங்கள் விட்டுப்போகும் மாநிலமும் போய்ச்சேரும் மாநிலமும் இரண்டுமே உறுப்பினராக இருக்க வேண்டும். கையில் இருப்பது முழு லைசென்ஸாக இருக்க வேண்டும். தற்காலிக, அவசர லைசென்ஸ்கள் செல்லாது.

அப்புறம், மாநிலத்துக்கு மாநிலம் தனிக் கேள்விகள். கலிஃபோர்னியா, ஆங்கிலம் கற்றுவரும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் தகுதியைக் கேட்கும். நியூ யார்க், மாணவர்களை இழிவுபடுத்துவதையும் கொடுமைப்படுத்துவதையும் தடுக்கும் 'டாசா' பயிற்சியை முடிக்கச் சொல்லும். டெக்சாஸில் முதலில் உங்கள் சான்றுகளைப் பரிசீலிப்பார்கள். முன்பு எழுதிய தேர்வுகளை வைத்து டெக்சாஸ் தேர்வுகளிலிருந்து விலக்கு கிடைக்கலாம். கிடைக்காதவர்களுக்கு ஒரு வருடச் சான்றிதழ் உண்டு. அந்த வருடத்துக்குள் தேர்வுகளை எழுதி முடித்தாக வேண்டும். வேலையில் சேர்ந்த மும்முரத்தில் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள்.

பல மாநிலங்கள் கேட்கும் ஆசிரியர் தகுதித் தேர்வான பிராக்சிஸ் எழுதியவர்கள் கவனிக்க: தேர்வு ஒன்றுதான், தேர்ச்சி மதிப்பெண் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பழைய இடத்தில் பாஸ் ஆனது இங்கே போதாமல் போகலாம். மதிப்பெண்ணை 10 வருடங்கள் வரைதான் அனுப்பித் தருவார்கள். கைரேகையும் பெரும்பாலும் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்தியாவில் பி.எட். படித்தவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது பெயரில்தான். பட்டச் சான்றிதழில் 'எஸ். கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா சுப்பிரமணியன்', பழைய லைசென்ஸில் 'கவிதா ரமேஷ்'. விண்ணப்பத்தைப் பார்க்கும் அலுவலருக்கு இவை மூன்று பேர். கோப்பு அப்படியே கிடக்கும். திருமணச் சான்றிதழையும் பெயர் மாற்ற ஆவணங்களையும் முதல் நாளே சேர்த்து அனுப்பிவிடுங்கள். இந்தியப் பட்டம் அமெரிக்காவில் எதற்குச் சமம் என்று சொல்லும், முன்பு வாங்கிய மதிப்பீட்டு அறிக்கை புது மாநிலத்தில் செல்லுமா என்றும் பாருங்கள். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பது என்பதற்கும் ஒவ்வொரு மாநிலமும் தனிப் பட்டியல் வைத்திருக்கும். ஊரிலிருந்து மதிப்பெண் பட்டியல் வந்துசேர மாதக்கணக்கில் ஆகும், அதனால் அந்த வேலையைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

புது லைசென்ஸ் வரும்வரை பழையதைக் காலாவதியாக விடாதீர்கள்.

பணி அனுபவக் கடிதத்தைக் கிளம்பும் முன்பே பழைய பள்ளி மாவட்ட (அந்தப் பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா பகுதிநேரமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். புது பள்ளி மாவட்டம் உங்களை எந்தச் சம்பள நிலையில் வைக்கும் என்பது அதைப் பார்த்துத்தான்.