ஏரி முள் கடலுக்கு ஆகாது

வேலூரிலிருந்து கோவளம் பக்கம் கடலில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் ஏரிக்கு வாங்கிய தூண்டில் முள்ளையே எடுத்துப் போவதுண்டு. சாதாரண முள் உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து மழுங்கும். தகரமோ நிக்கலோ பூசியதாக வாங்குங்கள். முள்ளின் அளவு எண்தான் குழப்பும்: 8-ஐவிட 4 பெரிது, ஆனால் 1/0-வைவிட 4/0 பெரிது. வாய் சிறுத்த கிழங்கான் மீனுக்கு 6 அல்லது 8 போதும். கொடுவா மீனுக்கு 3/0 முதல் 5/0.

இரைக்கு மண்புழு வேண்டாம், உப்பில் துவண்டுவிடும். கிழங்கானுக்கு உரித்த இறால், விரல் நகமளவு. பெரிதானால் கொறித்துவிட்டுப் போய்விடும், வெறும் முள்தான் மேலே வரும். கெளுத்தி மொய்க்கிற இடத்தில் இறால் நிற்காது. அங்கே கணவாயைச் சுண்டுவிரல் அகலத்தில் வெட்டி, முள்ளின் முனை வெளியே தெரிகிறமாதிரி கோத்துவிடுங்கள். கொடுவாவுக்கு உயிர் இறால். அதன் தலைக் கொம்புக்குக் கீழே தெரியும் கரும்புள்ளியில் முள் பட்டால் அப்போதே செத்துவிடும்.

இரையை இங்கிருந்தே கொண்டுபோவதானால் ஐஸ் உருகிய தண்ணீரில் ஊறவிடாதீர்கள். கொழகொழத்த இறால் முதல் வீச்சிலேயே கழன்று பறக்கும்.