ஈ.கோலை எப்படி ஒட்டிக்கொள்கிறது? ஸ்லைடிலேயே பார்க்கலாம்

நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை பாக்டீரியாதான். ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் அது அடித்துக்கொண்டு போய்விட வேண்டும், போவதில்லை. சிறுநீர்ப்பையின் உள்சுவரைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியைக் கல்லூரி ஆய்வகத்தில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். வீட்டில் மட்டும் செய்ய வேண்டாம்.

எது எதைப் பிடிக்கிறது? ஈ.கோலையின் மேல் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள புரத இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஃபிம்ஹெச் என்ற புரதம். அது பிடிப்பது மேனோஸ் என்ற சர்க்கரையை. சிறுநீர்ப்பைச் செல்களின் மேற்பரப்பிலுள்ள யூரோபிளாக்கின் புரதத்தில் இந்தச் சர்க்கரை இருக்கிறது. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டின் செல் சுவரிலும் ஏராளமாக இருக்கிறது. அதனால் நமக்கு ஈஸ்ட் போதும்.

படி 1: வளர்ப்பு. நோய் உண்டாக்காத கே-12 வகை ஈ.கோலையை நியூட்ரியன்ட் பிராத் என்ற திரவ ஊட்டக் கரைசலில் போட்டு, 37 டிகிரியில் 48 மணி நேரம் ஆட்டாமல் அசைக்காமல் வையுங்கள். இதில் அவசரப்படாதீர்கள். இழைகளை முளைக்கவிடுவதா வேண்டாமா என்பதை ஒரு சிறு டிஎன்ஏ துண்டு முன்னும் பின்னுமாகத் திரும்பித் தீர்மானிக்கிறது. அசையாத பிராத்தில் இழையுள்ள செல்கள் பெருகும். அகார் தட்டில் (கெட்டியான ஊட்டக் கூழில்) வளர்த்தால் பல சமயம் இழையே இருக்காது.

படி 2: கழுவுதல். வேகமாகச் சுழற்றிச் செல்களை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேல் நீரைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைப் பால்போல் கலங்கும் அளவு சிறிது உப்புக் கரைசலில் கலக்குங்கள். இன்னொரு குழாயில் 1 மில்லி உப்புக் கரைசலுக்கு 10 மில்லிகிராம் ஈஸ்ட்.

படி 3: ஸ்லைடு. ஒரு சொட்டு பாக்டீரியா, ஒரு சொட்டு ஈஸ்ட், ஒரு சொட்டு உப்புக் கரைசல். ஸ்லைடை மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுங்கள். சிறிது நேரத்தில் வழுவழுவென்றிருந்த கலவை திரிதிரியாகும், பிறகு வெள்ளைத் துணுக்குகளாகப் பிரியும். ஒரு பாக்டீரியா இரண்டு ஈஸ்ட் செல்களைப் பிடிக்க, அவற்றை இன்னொன்று பிடிக்க, இப்படிச் சேர்வதுதான் அந்தத் துணுக்கு.

படி 4: இதுதான் உயிர்நாடி. உப்புக் கரைசலுக்குப் பதில் 3 சதவீத மேனோஸ் கரைசல் ஒரு சொட்டு விட்டு அதையே மறுபடி செய்யுங்கள். துணுக்கு வராது. ஃபிம்ஹெச்சின் பள்ளத்தில் மேனோஸ் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது, ஈஸ்ட்டுக்கு இடமில்லை. அப்புறம் அதே அளவு காலக்டோஸ் விட்டுப் பாருங்கள்: துணுக்கு வரும். எந்தச் சர்க்கரை விட்டாலும் பிடி விட்டுப்போகும் என்பதில்லை என்று அப்போதுதான் நிரூபணமாகும். பாக்டீரியா மட்டும், ஈஸ்ட் மட்டும் என்று இரண்டு ஸ்லைடுகளும் அவசியம். தனியாகவே திரிந்தால் அன்றைய முடிவை நம்பக்கூடாது.

சரி, சிறுநீரின் ஓட்டம் ஏன் இந்தப் பிடியை அறுப்பதில்லை? ஃபிம்ஹெச் இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு முடிச்சு மாதிரி. இழுவிசை வந்ததும் அதன் இரண்டு பகுதிகள் விலகி, மேனோஸைப் பிடித்த பள்ளம் மூடிக்கொள்கிறது. ஓட்டம் நின்றால் பிடி தளரும், பாக்டீரியா வேறு இடம் தேடலாம். இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்புதான்.

மேனோஸ் பொடி சாப்பிட்டால் நீர்க்கடுப்பு வராதா என்று உடனே தோன்றும். அடிக்கடி தொற்று வந்த 598 பெண்களில் ஒரு பகுதியினருக்கு மேனோஸும் மற்றவர்களுக்கு மேனோஸ் இல்லாத போலிப் பொடியும் பிரிட்டனில் ஆறு மாதம் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் முடிவு வந்தது. போலிப் பொடி வாங்கியவர்களுக்கும் மேனோஸ் வாங்கியவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. ஸ்லைடில் தடுப்பது வேறு, உடம்பில் தடுப்பது வேறு. கடுப்பு இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் ஸ்லைடு, குழாய் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவியில்) போட்டுவிட்டே கழுவுங்கள்.